வலது கால் அக்கரையில்

ஆம்பூரில் ரயிலை விட்டு இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் மூக்கைப் பொத்தியது. இரண்டாவது காரியம், பொத்தியதை யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தது. யாரும் பார்க்கவில்லை. பக்கத்துப் பெஞ்சில் ஒரு தாய் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர் நிம்மதியாகப் பல் குத்திக்கொண்டிருந்தார். தோல் பதனிடும் அந்த வாடை அவர்கள் யாருக்கும் இல்லை, எனக்கு மட்டும்தான் இருந்தது. நான் ரப்பர் பால் புளித்த நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவள். வாடைக்குப் பயந்தவள் அல்ல. ஆனால் ஒரு ஊரே இல்லை என்று நினைக்கிற ஒன்று நமக்கு மட்டும் இருக்கிறது என்றால் நம் மூக்கின் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பேராக்கில், நாங்கள் வேலை பார்த்த தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்தது. வேலை போன பெண்கள் கோயில் மண்டபத்தில் கூடி, ஏதாவது கைத்தொழில் தொடங்கலாம் என்று பேசினோம். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் கிராமத்துப் பெண்களுக்கு ஷூ தைக்கும் வேலை கொடுத்து நன்றாக நடத்துகிறது என்று யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்து வர ஆள் வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆனால் பை தைக்கும் கம்பெனியில் மெஷின் ஓட்டியவள். அதோடு பாஸ்போர்ட் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதை உள்பாவாடையில் ஒரு பை தைத்து அதற்குள் வைத்துக்கொண்டேன். பயணம் முழுக்கப் பேசிக்கொண்டே இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதால் பலர் எனக்கு வயிற்றுவலி என்று நினைத்தார்கள்.

நிறுவனத்து அலுவலகம் மாடியில் இருந்தது. பொறுப்பாளரை எல்லோரும் டேவிட் சார் என்றார்கள். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம்: அனைவரையும் அரவணைத்த, நீடித்து நிற்கும் வட்டாரப் பொருளாதார வளர்ச்சி. நான் எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தேன். அர்த்தம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. பெரிய கம்பெனிக்கு மட்டும் காசு போகாமல் கிராமத்துக்கும் வர வேண்டும்; ஒரு கிராமத்துக்கு மட்டும் வராமல் பக்கத்துக் கிராமத்துக்கும் வர வேண்டும்; இன்றைக்கு வந்து நாளைக்கு நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான் என்றார். இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிந்ததைச் சுவரில் ஏன் அப்படி எழுதினார்கள் என்று தெரியவில்லை.

மதியம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். கூடவே கத்திரிக்காய்க் குழம்பு. எங்கள் ஊரில் பிரியாணிக்கு அச்சார் ஊறுகாய்தான். பிரியாணியோடு கத்திரிக்காயா என்று தயங்கித்தான் கை வைத்தேன். கடைசியில் குழம்பு மட்டும் இன்னொரு தரம் கேட்டேன். தண்ணீரைத்தான் குடிக்கவில்லை. பாட்டில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பதைப் பரிமாறியவர் கவனித்துவிட்டு, "பயப்படாதீங்க, வெளியூர்த் தண்ணிதான்" என்றார். தன் ஊர்த் தண்ணீர் இல்லை என்று சொல்லி ஒருவர் தைரியம் கொடுத்ததை நான் அங்கேதான் பார்த்தேன்.

மறுநாள் கிராமத்துக்குக் கிளம்பினேன். லாட்ஜில் தாழ்ப்பாள் சரியில்லை என்று சொன்னதும், கிராமத்தில் எஸ்தர் என்பவர் வீட்டில் தங்க டேவிட் சார் ஏற்பாடு செய்தார். டவுன் பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. எல்லோரும் இறங்கி வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள், கண்டக்டர் உட்பட. நான் மட்டும் நின்றேன். சாலை ஓரத்து முள்மரங்களில் வெளிர் நீலத்தில் ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. பூ என்று நினைத்துக் கிட்டே போனேன். தோல் சீவல். பக்கத்தில் எங்கோ கொட்டி வைத்தது காற்றில் பறந்து மரம் மரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பதனிடும் மருந்தில் தோல் அந்த நிறத்துக்கு வருமாம். ஒரு துண்டு என் தோளில் விழுந்தது. ஈரமாக, காதுமடல் போல இருந்தது. அதைத் தட்டிவிட்டுக் கையை எதில் துடைப்பது என்று தெரியாமல் பஸ் கிளம்பும் வரை கையை உடம்பில் படாமல் தள்ளியே வைத்திருந்தேன்.

கிராமம் பாலாற்றங்கரையில் இருந்தது. ஆறு என்றால் ஆறுதான் என்று நினைத்துப் போனேன். மணல்தான் இருந்தது, அதன் மேல் வெள்ளையாக உப்பு ஆடை போலப் படிந்திருந்தது. கரையில் தென்னைகள் வரிசையாக நின்றன. தலை இல்லை. இடி விழுந்ததா என்று கேட்டேன். தோல் கழிவில் தண்ணி கெட்டுப்போனதில் தலை உதிர்ந்துவிட்டது என்றார்கள், பல் விழுந்ததைச் சொல்வது போல.

தையல் கூடம் மாதா கோயிலுக்குப் பின்னால் நீளமான ஓட்டுக் கட்டடம். உள்ளே பெண்கள் பாய் போட்டு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்கிறார்கள். மேல் மூடியையும் பக்கத்துத் தோலையும் சேர்த்து, விரல் பக்கமாகச் சுருக்கம் விழும்படி மெழுகு நூலால் கையிலேயே தைக்க வேண்டும். மெஷினில் அந்தச் சுருக்கம் வராது. பேச்சும் சிரிப்பும் ஜெபப்பாட்டும் கலந்து நல்ல கலகலப்பு. எனக்கும் மனசு லேசானது. இது நம் பெண்களால் முடியும் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் சுவர் ஓரமாக முடித்து அடுக்கியிருந்த அப்பர்களைப் பார்த்தேன். வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் வளைந்திருந்தன. நான் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். எல்லாம் இடது கால். ஒரு கூட்டம் ஒற்றைக் காலில் நடந்து வந்து அந்தச் சுவரோடு நின்றுவிட்டது போல இருந்தது.

வலது எங்கே என்று கேட்டேன். பாட்டு நின்றது.

"அது அந்தப் பக்கம்" என்றாள் எஸ்தர். முகவாயால் ஆற்றுப் பக்கம் காட்டினாள். அடுத்த அப்பரை எடுத்துக்கொண்டாள்.

எஸ்தருக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் லாரியோடு போனவர் திரும்பவில்லை. அதைப் பற்றி அவள் பேசவில்லை, பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள். இரண்டு பிள்ளைகளும் அவள் ஊசியில்தான் படித்தார்கள். முதல் நாள் சாப்பாட்டிலேயே என்னை அக்கா ஆக்கிவிட்டாள். காலையில் நான் எங்கள் ஊர் வழக்கில் "பசியாறியாச்சா" என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லித் தெருவெல்லாம் சிரித்தார்கள். "நாங்கல்லாம் துன்றதோட சரிக்கா. பசி ஆறுதா இல்லையான்னு எவ பாக்கறா" என்றாள் ஒருத்தி.

வலது காலின் கதையை அவள் சமைக்கும்போது சொன்னாள். இரு கரையிலும் கிணறுகள் கெட்டுப்போன காலத்தில் தண்ணீர் லாரி இந்தக் கரைக்கு மட்டும்தான் வருமாம், இங்கேதான் சாலை இருந்தது. அக்கரைப் பெண்கள் குடத்தோடு மணலில் நடந்து வருவார்கள். ஒருநாள் வார்த்தை தடித்து, குடம் பறந்து, கல் பறந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போலீஸ் வந்தது. இனி ஒருவர் பக்கத்தில் ஒருவர் கால் வைப்பதில்லை என்று பேசி முடித்தார்கள். ஆற்று நடுவில் ஒரு பழைய உறைகிணறு இருக்கிறது, அதுதான் எல்லை.

அதற்குப் பிறகுதான் நிறுவனம் வந்தது. இரண்டு கரையையும் சேர்த்துவிட வேண்டும் என்று டேவிட் சாருக்கு ஆசை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இடது காலை இங்கே கொடு, வலது காலை அங்கே கொடு. ஜோடி சேராமல் யாருக்கும் காசு கிடையாது. ஒருவர் இல்லாமல் ஒருவர் சாப்பிட முடியாது என்று வந்தால் தானாக முகம் பார்ப்பார்கள் என்று நினைத்தார். நல்ல யோசனைதான். வெளிநாட்டுக்காரர்கள் வந்து போட்டோகூட எடுத்தார்களாம். ஆனால் இவர்கள் முகம் பார்க்கவில்லை. வலது காலுக்கு வெட்டி வந்த தோலை மூட்டையாகக் கட்டி விடியலில் உறைகிணற்றின் மேல் வைத்துவிட்டு வருவார்கள். வைத்தவள் முதுகு மறைந்த பிறகுதான் அக்கரையிலிருந்து ஆள் இறங்கும். தைத்த வலது கால்கள் அதே மாதிரி அங்கேயே வந்து இருக்கும். வருஷக்கணக்காக இப்படித்தான்.

"அப்ப, யார் தைக்கிறாங்கன்னே தெரியாதா?" என்று கேட்டேன்.

"நம்பர் தெரியும். நான் முப்பத்தொண்ணு. அங்கயும் ஒரு முப்பத்தொண்ணு கீறா" என்றாள் எஸ்தர். "ஆளத் தெரியாது. கையத் தெரியும்."

அந்தக் கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளை நிறுத்த முடியாது. கடைசித் தையலை ஒரு இழு இழுத்துத்தான் முடிப்பாளாம், கோபக்காரி. வெள்ளிக்கிழமை தைப்பதில் மஞ்சள் கறை இருக்கும், பூஜை பண்ணுகிறவள். ஒருமுறை சுருக்கமெல்லாம் குழந்தை சிரித்த மாதிரி விழுந்திருந்தது, வீட்டில் ஏதோ நல்லது நடந்திருக்கும். இப்படிச் சொல்லிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். பொங்கலிலிருந்து கை சரியில்லை என்றாள். அவள் மாதிரியே இருக்கிறது, ஆனால் அவள் மாதிரி இல்லை. நாலு தையலுக்கு ஒன்று நொண்டுகிறது.

அது வெறும் மனக்குறை இல்லை. சனிக்கிழமைதோறும் கம்பெனியிலிருந்து வேனில் செக்கர் வருவார். இடதையும் வலதையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார். ஒத்துப்போகாத ஜோடி கூடைக்குப் போய்விடும். எஸ்தரின் ஜோடி இரண்டு வாரமாகக் கூடைக்குப் போயிருக்கிறது. இந்தச் சனிக்கிழமையும் போனால் முப்பத்தொன்றாம் நம்பரை வேறு இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவள் தைத்ததில் குறையே இல்லை. ஆனாலும் வேலை போகும்.

இரண்டு நாள் நான் கூடத்தில் உட்கார்ந்து வேலை பழகினேன். விரலெல்லாம் குத்து. மூன்றாம் நாள் காலை எஸ்தர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க வெளியூரு. நீங்க போனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. போய் அவளப் பாத்துட்டு வர்றீங்களா? ஒடம்பு சரியில்லையா, கோவமா, இன்னான்னு கேளுங்க. கடைசித் தையல பழையபடி இழுத்து முடிக்கச் சொல்லுங்க. அது போதும்."

எனக்கு உடனே இருபது காரணங்கள் தோன்றின. கல்லெறிந்த ஊர். பாஸ்போர்ட் வேறு இடுப்பில். டேவிட் சாரிடம் சொல்லலாமே என்றேன். அவர் பாலம் சுற்றிப் போய் அக்கரைப் பெண்கள் சங்கத் தலைவியை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர், அந்தம்மா எல்லாம் நல்லாயிருக்கு என்றுதான் எப்போதும் சொல்லும் என்றாள். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் என் குத்துப்பட்ட விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டுவிட்டாள். எப்படி மறுப்பது?

உச்சி வெயிலில் இறங்கினேன். மணல் மேல் படிந்த வெள்ளை ஆடை காலடியில் அப்பளம் போல நொறுங்கியது. ஒரு காக்கை இல்லை, தவளை இல்லை, எறும்புகூட இல்லை. எங்கள் தோட்டத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கும் ஏதாவது ஒரு பூச்சி கத்தும். இங்கே சத்தம் என்றால் தூரத்துத் தொழிற்கூடங்களில் தோல் உருட்டும் மரப்பீப்பாய்கள் சுற்றுகிற தொம் தொம் மட்டும்தான். அது காதில் கேட்கவில்லை, பாதம் வழியாக ஏறியது.

உறைகிணறு என்றால் குனிந்து எட்டிப் பார்க்கிற கிணறு என்று நினைத்திருந்தேன். மணலை லாரி லாரியாக அள்ளியதில் சுற்றி எல்லாம் இறங்கிப்போய், கிணறு மட்டும் என் தோள் உயரத்துக்குப் புகைபோக்கி போல நட்டுக்குத்தலாக நின்றது. பூமிக்குள் இருக்க வேண்டியது வெளியே வந்து நிற்பதைப் பார்த்ததும், பார்க்கக் கூடாததைப் பார்த்தது போல் இருந்தது. விளிம்பில் மூட்டை வைக்கிற இடம் மட்டும் துணி உரசி வழவழப்பாக இருந்தது. அதைத் தாண்டும்போது பின்னால் திரும்பிப் பார்த்தேன். இக்கரையில் பெண்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கை அசைக்கவில்லை.

அக்கரையும் அதே மாதிரிதான் இருந்தது. அதே ஓட்டு வீடுகள், அதே தலையில்லாத தென்னைகள். குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். மலேசியாவிலிருந்து தையல் பார்க்க வந்தேன், முப்பத்தொன்றாம் நம்பர் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒருத்தி மிகவும் மரியாதையாகச் சொன்னாள், இப்பத்தான் குடம் எடுத்துக்கினு கடைப் பக்கம் போனாங்க என்று.

கடைக்குப் போனேன். கடைக்காரர், இப்பத்தான் வெத்தல வாங்கிக்கினு போனாங்க, அம்மன் கோயிலாண்ட பாருங்க என்றார். கோயிலில் கிழவர் ஒருவர், இப்பத்தான் கும்பிட்டுப் போனாங்க என்றார். எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் சொன்னார்கள். அவள் கட்டியிருந்த சேலையின் நிறம்கூட ஒருத்தி சொன்னாள். நான் போகிற இடமெல்லாம் அவள் ஒரு நிமிஷம் முன்னால் இருந்துவிட்டுப் போயிருந்தாள். வெயிலில் எனக்குத் தலை சுற்றியது. இதற்கு மேல் வேண்டாம், ஆற்றுக்கே திரும்பிவிடலாம் என்று ஒரு சந்தில் நுழைந்தபோது மெழுகு நூலின் வாசனை வந்தது.

கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருவர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, முழங்கால்களுக்கிடையே அப்பரை இடுக்கித் தைத்துக்கொண்டிருந்தார். சேலை கட்டியவர் இல்லை. லுங்கி, வெற்றுடம்பு. திரும்பினார். நூலால் காதில் கட்டிய ஒரு கண்ணாடி, பெண்கள் போடுகிற சின்னக் கண்ணாடி. கைகள் முழங்கைவரை வெளுத்து, தோல் உரிந்து, வேறு யாருடைய கைகளையோ மாட்டிக்கொண்டது போல இருந்தன.

"கண்டுபுடிச்சிட்டீங்க" என்றார்.

நான் சுருக்கமாக வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைக்கவே இல்லை.

அவர் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். கை கெட்டதும் வேலை நின்றது. முப்பத்தொன்று அவர் மனைவி, பொங்கலுக்கு முன்னால் இறந்துவிட்டாள். நம்பர் பெண்களுக்குத்தான், ஆண்களுக்கு இல்லை. அது நிறுவனத்தின் விதி. அவள் இல்லை என்று தெரிந்தால் நம்பர் போகும். மகள் வேலூரில் நர்சுக்குப் படிக்கிறாள். அதனால் ஊரே சேர்ந்து அவளை உயிரோடு வைத்திருக்கிறது.

"அவ கடசியா தெச்ச ஒரு அப்பர மட்டும் நான் அனுப்பல. அதப் பிரிச்சிப் பிரிச்சித் தெச்சிதான் கத்துக்கினேன். இன்னும் அந்தக் கடசி இழு மட்டும் வர்ல."

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்று, என்னைப் பார்த்துக்கொண்டே உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "இன்னாடீ பண்ற, ரேஷன்ல எண்ணெ ஊத்தறாங்க, வா." உள்ளறை இருட்டாக இருந்தது. அவர் சலனமே இல்லாமல், "வருவா, நீ போ" என்றார். அந்தப் பெண் போய்விட்டாள். அது நடிப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளறைப் பக்கம் பார்க்காமல் தள்ளி உட்கார்ந்தேன்.

நான் எழுந்தபோது அவர் கேட்டார்: "அந்த எடது கால் அம்மா நல்லாக்கீறாங்களா? மழைக்கு முந்தி ஒரு வாரம் நூலு தளந்து வந்திச்சி. காய்ச்சலா இன்னான்னு இவ கேட்டுக்கினே இருந்தா. போய்க் கேக்கறதுக்கு யார் கீறா."

கரையில் எஸ்தர் காத்திருந்தாள். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பொய்யைச் சொன்னேன். இருக்கிறாள். கண் மங்கிவிட்டது. பழையபடி இழுத்து முடிக்க அவளுக்கு இனிமேல் வராது. பொய்யோடு உண்மையையும் ஒட்டவைத்தேன்: மழைக்கு முன்னால் உனக்குக் காய்ச்சலா என்று கேட்டாள்.

எஸ்தர் அக்கரைப் பக்கம் திரும்பினாள். "ஆமா. டைபாய்டு" என்றாள். பிறகு, "சரி, அவளுக்கு வராதுன்னா எனக்கு வரட்டும்" என்றாள்.

அன்று மாலையும் அடுத்த நாள் முழுக்கவும் அவள் தான் தைத்து வைத்ததை எல்லாம் பிரித்தாள். அக்கரை மூட்டையிலிருந்து வந்த முப்பத்தொன்றாம் நம்பர் வலதுகளைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தடவித் தடவி, அதே மாதிரி நொண்டித் தைத்தாள். நன்றாகத் தைக்கத் தெரிந்த கை கோணலாகத் தைக்கப் படாத பாடு பட்டது. மற்ற பெண்கள் முதலில் கேலி செய்தார்கள். "இன்னாடி எஸ்தர், புதுசா வேல கத்துக்கற" என்றார்கள். அப்புறம் கிட்டே வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போய் உட்கார்ந்தார்கள். நானும் பார்த்தேன். அவள் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. முழங்கைகள் அகன்று, கால்களை அகட்டி, அவள் உட்காரும் விதமே மாறியிருந்தது. எனக்கு அந்த முதுகு தெரிந்த முதுகாக இருந்தது. நான் அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை வேன் வந்தது. செக்கரை எல்லோரும் பாய் என்றார்கள். வாயாடி. ஒத்துப்போகாத ஒரு ஜோடியைத் தூக்கிக் காட்டி, "இது ஜோடியா, மாமியாரும் மருமவளுமா?" என்று கேட்டுக் கூடையில் போட்டார். கூடம் சிரித்தது. முப்பத்தொன்று வந்தது. குதிகாலோடு குதிகால் சேர்த்து வைத்தார். திருப்பினார். சுருக்கத்தை விரலால் தடவினார். மறுபடி திருப்பினார். அவர் முகத்தில் விளையாட்டுப் போய்விட்டது.

"இது ரெண்டும் ஒரே கை" என்றார். "அந்தப் பக்கத்து வேலையும் நீயே பண்றியா?"

"இல்ல பாய். எடது மட்டும்தான் என்து."

"நான் இத்தினி வருஷம் பாக்கறேன். இந்த மாதிரி ஒரே கையப் பாத்ததில்ல."

எஸ்தர் தன் கைகளை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். பாய் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தையலில் குறை என்று சொல்ல ஜோடியில் எதுவும் இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் நல்ல பெட்டியில் அடுக்கச் சொன்னார். அன்றைக்கு அவர் அதற்கு மேல் ஜோக் அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்ப வேண்டிய நாள். எஸ்தர் கோயிலுக்குப் போக வெள்ளைச் சேலை கட்டி, என்னைப் பஸ் ஏற்ற வந்தாள். பஸ் நிறுத்தத்திலிருந்து ஆறு முழுக்கத் தெரியும். பஸ் தூரத்தில் தூசி கிளப்பிக்கொண்டு வரும்போது கேட்டாள்.

"அவ எப்பக்கா போய்ட்டா?"

நான் பையைக் கீழே வைத்தேன்.

"ஒரு கை தெச்சத நம்ம கையால தெச்சிப் பாத்தா, அது எப்படி ஊசி புடிக்கிதுன்னு தெரிஞ்சிடும். அது பொம்பள கை இல்ல. ஆனா ஒரு பொம்பள கைய நெனச்சிக்கினே தெக்கிற கை." அவள் குரலில் கோபம் இல்லை. "நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

பொங்கலுக்கு முன்னால் என்றேன். அவள் தலையாட்டினாள். அவள் கணக்கும் அதுதான் போலிருக்கிறது.

"இன்னிக்கு ஜெபத்துல செத்தவங்க பேரு சொல்லுவாங்க. அவ வேற சாமிதான், பரவால்ல, நான் மனசுக்குள்ள சொல்லிக்கிறேன். பேரு இன்னா?"

நான் கேட்கவில்லை. நம்பரைக் கேட்டேன், வீட்டைக் கேட்டேன், பேரைக் கேட்கவே இல்லை. ஊர் முழுக்க 'அவங்க' என்றார்கள், அவர் 'அவ' என்றார். எல்லோரும் அவளை உயிரோடு வைத்திருந்தார்கள், ஒருவர் வாயிலும் அவள் பேர் வரவில்லை. நான் அசட்டுத்தனமாக, கேக்க மறந்துட்டேன் எஸ்தர் என்றேன்.

பஸ் வந்து நின்றது. அவள் என் பையைத் தூக்கிப் படியில் வைத்தாள். "பத்திரமா போங்கக்கா" என்றாள். கோயில் மணி அடித்தது. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அவள் கோயில் பக்கம் போகிறாளா என்று பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டு மணலில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். யாரும் அவரை அணைக்கச் சொல்லவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து என் பக்க ஜன்னல்களில் வந்து குனிந்தார்கள். என் தோளுக்கு மேல் யாரோ மூச்சு விடுவது கேட்டது. வெள்ளை மணலில் வெள்ளைச் சேலை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. கானலில் சில சமயம் அவள் கால்கள் இல்லாமல் போனாள். கிணற்றை நெருங்கும்போது நின்றுவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. நிற்கவில்லை. தாண்டினாள்.

அக்கரையில் ஆட்கள் வந்து வரிசையாக நின்றார்கள். கையில் ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தேன். தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த வரிசையிலிருந்து ஒரு உருவம் மட்டும் பிரிந்து, மணலில் இறங்கி, எஸ்தரை நோக்கி நடக்க ஆரம்பித்தது. ஆணா பெண்ணா என்று அந்தத் தூரத்தில் எனக்குத் தெரியவில்லை.